ஏசி மெக்கானிக் வேலைக்குப் புதிதாக வந்தவர் கற்க வேண்டியவை: வடசென்னைக்கான வழிகாட்டி

வடசென்னையில் ஏசி வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறார்கள். ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வருபவர்கள் ஒரு சாரார். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த கையோடு பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ தெரிந்த அண்ணன் ஒருவரிடம் ஹெல்பராகச் சேர்ந்து, ஏணி தூக்கியும் ஜெட் பம்ப் பிடித்தும் தொழில் பழகியவர்கள் இன்னொரு சாரார். முன்னவர்களுக்குப் பாடம் தெரியும், கை பழகியிருக்காது. பின்னவர்களுக்குக் கை பழகியிருக்கும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் பதில் வராது. இரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட வழக்கங்களில் பாதிக்கு மேல் ஆர்-22 என்ற குளிர்பதன வாயுவும், அந்த வாயுவை அழுத்திச் சுழலவிடும் ஒரே வேகக் கம்ப்ரஸரும் இருந்த காலத்தில் உருவானவை. இன்று ஷோரூமில் விற்கும் புதிய ஏசியில் அந்த வாயு இல்லை. அந்தக் கம்ப்ரஸரும் பெரும்பாலும் இல்லை.

எனவே இத்தொழிலில் தொடர்ந்து கற்பது என்பது, பழகிய வழக்கத்தை ஒவ்வொன்றாக எடுத்து, அதை அளந்து சரிபார்க்கக்கூடிய வேலையாக மாற்றிக்கொள்வதுதான். வேலைக்கு வந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர்கள் அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதைக் கீழே சொல்கிறேன். வெப்பமூட்டும் கருவிகளைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் அறையைச் சூடாக்கக் கேட்பவர் யாரும் இல்லை. ஓட்டல், ஆஸ்பத்திரி மொட்டைமாடிகளில் வெந்நீருக்காக வைத்திருக்கும் ஹீட் பம்ப்பும் அதே குளிர்பதனச் சுழற்சியில்தான் இயங்குகிறது. அங்கே, வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். ஏசியைச் சரியாகப் புரிந்துகொண்டவருக்கு அது சில நாள் பாடம்.

முதற்படி: கையில் ஒரு சான்றிதழ்

சான்றிதழ் வேலை கற்றுத்தராது. ஆனால் அது இல்லாவிட்டால் நிறுவனப் பயிற்சி வகுப்பின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்பு முடித்து நேரடியாகச் சேர வாய்ப்புள்ளவர்கள் அரசு ஐ.டி.ஐ.யைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பேருந்துப் பயண அட்டையும் கிடைக்கும். வடசென்னை, அம்பத்தூர், கிண்டி என நகரைச் சுற்றி அரசு ஐ.டி.ஐ.கள் உள்ளன, குளிர்பதனப் பிரிவு எந்த நிலையத்தில் இருக்கிறது, எத்தனை இடங்கள் உள்ளன என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்தவுடன் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்துவிடுவது நல்லது. அந்தக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை சிறியதுதான். ஆனால் பல மாடல்களைப் பெரியவர்களின் மேற்பார்வையில் திறந்து பார்க்கும் வாய்ப்பு பிற்பாடு எளிதில் அமையாது.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் மீண்டும் இரண்டு ஆண்டுகள் வகுப்பில் உட்கார முடியாது. அவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பணி அனுபவத்தைக் காட்டித் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வை எழுதுவது. மற்றொன்று, முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில், உள்ள திறமையைச் சோதித்துச் சான்றளிக்கும் குறுகிய மதிப்பீட்டுக்குச் செல்வது. மின்னணுத் துறைத் திறன் குழு ஏசி டெக்னீஷியன் பணிக்கென்றே தகுதித் தரம் வகுத்திருக்கிறது. இவற்றைத் தவிர, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவு, ஆர்-22 போன்ற வாயுக்களைக் கைவிடும் திட்டத்தின் ஒரு பகுதியாக, பணியில் உள்ள டெக்னீஷியன்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்திவந்திருக்கிறது. 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டமும் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதை இலக்காக அறிவித்தது. இப்பயிற்சி நம் பக்கம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால், இரண்டு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று போய் உட்காருங்கள். காசு வாங்கிக்கொண்டு பதினைந்து நாளில் ஏசி மெக்கானிக் ஆக்குவதாகச் சொல்லும் இடங்களை விட அது பல மடங்கு மேல்.

இரண்டாம் படி: வாயுக்களைத் தனித்தனியாக அறிதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடி. ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, ஹெல்பர் பையன் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்க்கிறான்.

"அண்ணே, சக்‌ஷன்ல நூத்திப் பதினெட்டு காட்டுது. ஓவர் சார்ஜா இருக்கும்போல, கொஞ்சம் வெளிய விட்டுரவா?"

"கையை எடு முதல்ல. அவுட்டோர்ல என்ன கேஸ்னு போட்டிருக்கு, படிச்சியா? நானூத்திப்பத்துக்கு அதுதான்டா சரியான பிரஷர்."

அந்தப் பையன் கற்றிருந்த எண் தவறல்ல. ஆர்-22 ஓடும் ஏசியில் சக்‌ஷன் (கம்ப்ரஸருக்கு வாயு திரும்பும் குழாயின் அழுத்தம்) 68 பி.எஸ்.ஐ. காட்டினால் கூலிங் காயிலுக்குள் வாயு ஏறத்தாழ 4 டிகிரியில் கொதிக்கிறது என்று பொருள். அதே 4 டிகிரிக்கு ஆர்-410ஏ வாயுவில் 118 பி.எஸ்.ஐ. வேண்டும், ஆர்-32 வாயுவில் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஏசி நின்றிருக்கும்போதும் இந்த வேறுபாடு தெரியும். காற்று 30 டிகிரியில் இருக்கும் நாளில், ஓடாமல் இருக்கும் ஆர்-22 யூனிட் 158 பி.எஸ்.ஐ. அளவில் காட்டும், ஆர்-410ஏவும் ஆர்-32வும் 260 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்டும். அழுத்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் வாயு மாறும்போதெல்லாம் தவறு நேரும். அழுத்தத்துக்குரிய வெப்பநிலை அட்டவணையைப் படிக்கப் பழகியவருக்கு எந்தப் புதிய வாயு வந்தாலும் கவலை இல்லை. டிஜிட்டல் கேஜிலும் கைப்பேசிச் செயலிகளிலும் அந்த அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது.

ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 2030க்குள் கைவிடப்பட வேண்டிய வாயு. பழைய ஏசிகளுக்கு அது இன்னும் கிடைக்கும். ஆனால் விலை ஏறிக்கொண்டே போகும், கலப்படமும் கூடும். அதன் இடத்தில் வந்த ஆர்-410ஏ, ஆர்-32ஐயும் ஆர்-125ஐயும் பாதிக்குப் பாதி கலந்த கலவை. ஆகவே சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஓசோனுக்கு அது தீங்கு செய்யாது, புவி வெப்பமாதலில்தான் அதன் கெடுதல்: நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 2088 மடங்கு. ஆர்-32க்கு அந்த எண் 675. ஆர்-290 எனப்படும் புரோப்பேனுக்கு 3. ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற ஐதரோ ஃபுளோரோ கார்பன்களைக் குறைக்க உலக நாடுகள் செய்துகொண்ட கிகாலி திருத்தம் 2016இல் உருவாகி, 2021இல் இந்தியாவும் அதை ஏற்றது. அதன்படி நம் நாட்டின் குறைப்பு 2032இல் 10 சதவீதத்தில் தொடங்கி 2047இல் 85 சதவீதத்தை எட்ட வேண்டும். இன்று இருபது வயதில் ஸ்பேனர் பிடிப்பவர் தம் பணிக்காலத்திலேயே இன்னும் ஒரு முறையாவது வாயு மாற்றத்தைப் பார்க்கப்போகிறார் என்பதே இதற்குப் பொருள்.

புவிக்கு நல்ல வாயுக்கள் பெரும்பாலும் தீப்பற்றக்கூடியவை. ஆர்-32 மெதுவாகப் பற்றும் வகை. ஆர்-290 சமையல் கேஸைப்போலவே பற்றும். கோத்ரேஜ் நிறுவனம் 2012இல் ஆர்-290 ஓடும் ஸ்பிளிட் ஏசியை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. புதிய ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ ஓடுகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 38 கிராம் புரோப்பேன் கலந்தால் அது தீப்பற்றும் எல்லையை எட்டுகிறது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28 கன மீட்டர். ஏசியில் உள்ள சில நூறு கிராம் வாயு அறை முழுக்கச் சீராகப் பரவினால் அபாய எல்லைக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தங்கும். கட்டிலுக்கு அடியில் கனத்துக் கிடக்கும் அந்த வாயுவுக்கு, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கத் தரையில் வைத்து ஆன் செய்த சாதாரண வேக்கம் பம்ப்பின் ஸ்விட்ச் பொறி போதும். ஆகவே தீப்பற்றும் வாயு உள்ள யூனிட்டில் கை வைக்கும் முன் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சற்று முன்பே ஓடவிட்டு, டார்ச்சைப் பற்றவைக்கும் முன் வாயுவை முழுவதும் வெளியேற்றி நைட்ரஜனால் குழாயைக் கழுவிவிடுவது கட்டாயம். கசிவைத் தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் யாரிடமாவது இருந்தால் அவரிடம் வேலை கற்க வேண்டாம்.

கம்ப்ரஸர் எண்ணெயும் வாயுவோடு சேர்ந்தே மாறுகிறது. ஆர்-22 ஏசியில் இருந்தது கனிம எண்ணெய். ஆர்-410ஏ, ஆர்-32 ஏசிகளில் இருக்கும் பாலியால் எஸ்டர் எண்ணெய் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். ஈரம் ஏறினால் அமிலமாகிக் கம்ப்ரஸர் வைண்டிங்கை அரிக்கும். மழைக்காலத்தில் குழாயின் வாயைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போவது ஆர்-22 காலத்தில் தப்பித்துப்போன வழக்கம், இப்போது தப்பிக்காது.

மூன்றாம் படி: அளக்கும் கருவிகள்

மூன்று கருவிகளைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்: வேக்கத்தின் ஆழத்தை அளக்கும் மைக்ரான் கேஜ், டிஜிட்டல் எடைத் தராசு, குழாயில் பிடிக்கும் வெப்பமானி. பாரிமுனை, பிராட்வே கடைகளில் இவை கிடைக்கும். மலிவானதை வாங்கினாலும் பரவாயில்லை, தராசில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் எப்படியும் உங்களிடம் இருக்கும்.

மைக்ரான் கேஜ் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண கேஜின் முள் வேக்கம் பக்கம் கடைசிவரை இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாக வேண்டுமானால் அழுத்தம் அதைவிட ஆழமாக இறங்க வேண்டும். 500 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும் என்பதே பெரும்பாலான தயாரிப்பாளர்களின் அறிவுரை. அந்த முள்ளால் இதைக் காட்ட முடியாது. பம்ப்பை நிறுத்தி வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எண் 500ஐத் தாண்டி ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் ஓட்ட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. இப்படி ஒரே சோதனை இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது.

கசிவுச் சோதனையை நைட்ரஜனில் மட்டுமே செய்ய வேண்டும், அதுவும் ரெகுலேட்டர் மாட்டி, அவுட்டோர் பெயர்ப்பலகையில் அச்சிட்டுள்ள உயர் அழுத்த வரம்பைத் தாண்டாமல். நைட்ரஜன் சிலிண்டர் கைவசம் இல்லை என்று வெல்டிங் ஆக்ஸிஜனைக் குழாயில் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. அழுத்தமான ஆக்ஸிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சந்தித்தால் வெடிக்கும்.

எடைத் தராசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் 780 கிராம் என்று போட்டிருந்தால் 780 கிராம்தான். குழாய் நீளம் கூடும்போது மீட்டருக்கு எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்பது நிறுவல் கையேட்டில் இருக்கும். சக்‌ஷன் குழாய் கையில் ஜில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாயு போடும் முறை இன்வெர்ட்டர் ஏசியில் அறவே பயன்படாது; கம்ப்ரஸர் வேகம் மாறும்போதெல்லாம் அழுத்தமும் ஜில்லிப்பும் மாறிக்கொண்டே இருக்கும்.

குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்திருப்பவர்களை நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கால் அங்குல நட்டுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், அரை அங்குல நட்டுக்குச் சுமார் 55 என்ற அளவில் முறுக்க வேண்டும். பலம் உள்ளவர் கால் அங்குல நட்டை நசுக்கிவிடுகிறார். அதே கை அரை அங்குல நட்டைத் தளரவிட்டுவிடுகிறது. நிறுவிய சில மாதங்களில் கேஸ் இறங்கிவிட்டது என்று வரும் அழைப்புகளில் பல இந்த நட்டில்தான் வந்து முடிகின்றன.

நான்காம் படி: ஒவ்வொரு தயாரிப்பையும் அறிதல்

பழுது வந்தால் ஏசி காட்டும் எர்ரர் கோடுகளை மனப்பாடம் செய்வதையே தயாரிப்பு அறிவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் கோடு இன்னொன்றில் வேறு பொருள் தரும். அதே நிறுவனத்தில்கூடத் தொடருக்குத் தொடர் மாறும். எனவே கோடுகளைத் தலையில் ஏற்றுவதைவிட, அவற்றை எங்கே தேடுவது என்று தெரிந்துவைத்துக்கொள்வதே பயன் தரும். இதற்கு நான் பரிந்துரைப்பது மிக எளிய முறை. எந்த ஏசிக்குப் போனாலும், கை வைக்கும் முன் இண்டோர், அவுட்டோர் இரண்டின் பெயர்ப்பலகைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு ஒரு நோட்டில் மாடல் எண், வாயுவின் பெயர், அதன் எடை, மின்னோட்ட அளவு, நீங்கள் கண்ட குறை, அதைக் கண்டுபிடித்த விதம், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதுங்கள். அந்த மாடலின் நிறுவல் கையேட்டையும் சர்வீஸ் கையேட்டையும் இணையத்தில் தேடிக் கைப்பேசியில் சேர்த்துவையுங்கள். ஒரு சீசன் முடிவதற்குள் உங்கள் பகுதியில் அதிகம் ஓடும் மாடல்கள் எல்லாம் அந்த நோட்டுக்குள் வந்திருக்கும்.

கையேட்டில் புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை: குழாயின் குறைந்தபட்ச, அதிகபட்ச நீளம், இண்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே அனுமதிக்கப்படும் உயர வேறுபாடு, அவுட்டோரைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி. கடைசியாகச் சொன்னதைக் குறுகிய சந்துகளில் கடைப்பிடிப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். ராயபுரத்தில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே மூன்றடி இடைவெளியில் எதிரெதிராகத் தொங்கும் இரண்டு அவுட்டோர்கள் ஒன்றின் சூட்டை மற்றொன்று உறிஞ்சிக்கொண்டு மே மாதம் முழுக்க டிரிப் ஆகும், அதாவது சூடேறித் தானாக நின்றுபோகும். வாயு போட்டாலும் டிரிப் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி, யூனிட்டை மாடிக்கு மாற்றச் சொல்வதற்குத் தயாரிப்பு அறிவுதான் துணிவு தரும். இல்லாவிட்டால் கேஸ் குறைவு என்று சொல்லிக் காசு வாங்கும் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடுவோம்.

இன்வெர்ட்டர் ஏசியின் மின்பகுதியைக் கற்காமல் இனி இத்தொழிலில் நீடிக்க முடியாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அவுட்டோரில் உள்ள மின்சுற்றுப் பலகையான பி.சி.பி. முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு அதை வெட்டி, வேண்டிய வேகத்துக்கான மூன்று முனை மின்சாரமாகக் கம்ப்ரஸருக்குத் தருகிறது. மெயினை அணைத்த பிறகும் அந்த பி.சி.பி.யின் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரை டி.சி.யில் வைத்து அளந்து, முழுவதும் இறங்கிய பிறகே தொட வேண்டும். பழைய கம்ப்ரஸரில் காமன், ரன், ஸ்டார்ட் என்று மூன்று முனைகளுக்கு இடையே வெவ்வேறு ஓம் காட்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸரின் மூன்று முனைகளில் எந்த இரண்டை அளந்தாலும் ஒரே ஓம் காட்ட வேண்டும். சென்சார் என்று நாம் சொல்லும் தெர்மிஸ்டர் பல மாடல்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும், சூடு ஏற ஏறக் குறையும். கையில் பிடித்து இறுக்கினால் எண் இறங்குகிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. இந்த மூன்று அளவுகளை எடுக்கத் தெரியாதவர்கள்தான் பி.சி.பி. போய்விட்டது என்று பல ஆயிரம் ரூபாய்க்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

விற்பனை ஷோரூம்களோடு இணைந்து வேலை செய்பவர்கள் நட்சத்திர முத்திரையையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதில் அச்சாகியிருக்கும் ஆண்டு மின்நுகர்வு, ஏசி ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போடப்பட்டது. இரவில் எட்டு மணி நேரம், ஆண்டில் பத்து மாதம் ஏசி போடும் வீட்டில் அது 2400 மணி நேரமாகிறது. ஐந்து நட்சத்திரம் என்று வாங்கினோமே, பில் ஏன் குறையவில்லை என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டலாம். நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படுவதால், பழைய முத்திரையின் ஐந்தும் புதிய முத்திரையின் ஐந்தும் ஒன்றாகா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடற்காற்றும் வெள்ளமும்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய தெருக்களில் உப்புக்காற்று அவுட்டோரைத் தின்றுவிடுகிறது. அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்து உதிரும். ஸ்டாண்டின் போல்ட் துருவேறி அறுபடும். நீலம் அல்லது பொன்னிறப் பூச்சு கொடுத்த கண்டென்சர், தாமிரக் காயில், அலுமினியக் காயில் ஆகியவற்றில் எந்த மாடலுக்கு எது, அதற்கான உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அந்த உத்தரவாதம் கடற்கரைப் பகுதிக்குப் பொருந்துமா என்பதை விற்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது இப்பகுதி டெக்னீஷியனின் சிறப்பு அறிவாக இருக்க வேண்டும். கடலோர வீடுகளில் அவுட்டோரை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவச் சொல்லலாம். ஆசிட் கலந்த கிளீனரைத் தொடவே கூடாது. இண்டோர் காயிலில் வரும் ஊசித் துளைக் கசிவுக்கு வேறு காரணம் உண்டு. புதிய மரவேலையின் பசை, வார்னிஷ், சிலவகைச் சுத்தம் செய்யும் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து எழும் கரிம அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து தாமிரத்தை எறும்புப் புற்றைப்போலத் துளைத்துவிடும். அலமாரி வேலை முடிந்த புது வீட்டில் காயில் போனால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் பல தெருக்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். வெள்ளத்தில் நனைந்த யூனிட்டை ஆன் செய்து பார்க்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. மெயினை அணைத்து, பி.சி.பி.யைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, முற்றிலும் உலர்த்தி, மெக்கரில் கம்ப்ரஸரின் காப்பைச் சோதித்த பிறகே மின்சாரம் தர வேண்டும். தாழ்வான பகுதியில் புதிதாக மாட்டும்போது தரையில் வைக்காமல் சுவரில் ஏற்றிவிடுவது இதைவிட மலிவு.

ஐந்தாம் படி: எந்தக் கிளை என்று முடிவு செய்தல்

வீட்டு ஏசியே இத்தொழில் முழுவதும் என்று இருந்துவிட வேண்டாம். இரண்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, வடசென்னைக்கென்றே அமைந்த சில கிளைகளையும் பார்க்கலாம்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ரீஃபர் கன்டெய்னர். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் குளிர்பதனப் பெட்டிகள் ஓயாமல் வந்துபோகின்றன. மீனும் பழமும் மருந்தும் அவற்றில் பயணிக்கின்றன. பெட்டியில் சரக்கை ஏற்றும் முன் குளிரூட்டும் இயந்திரத்தை முழுமையாகச் சோதித்துச் சான்று தர வேண்டும். அந்த வேலைக்குத் தெரிந்த ஆட்கள் எப்போதும் தேவை. மூன்று பேஸ் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம், ஆர்-134ஏ, ஆர்-404ஏ வாயுக்கள், நினைவகம் கொண்ட கன்ட்ரோலர் என எல்லாமே வீட்டு ஏசியிலிருந்து ஒரு படி மேல். வாயுக் கலப்படம் எவ்வளவு கொடியது என்பதையும் இத்துறையே கற்றுத்தந்தது. 2011இல், வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட ரீஃபர்கள் சில வெடித்து உயிர்களைப் பலிகொண்டன. ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட வாயுவில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததும், அது அலுமினியத்தோடு வினைபுரிந்து காற்றுப்பட்டதும் தீப்பற்றும் பொருளாக மாறியிருந்ததும் விசாரணையில் தெரியவந்தது. விலை குறைவு என்று சீல் உடைந்த சிலிண்டர் வாங்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

காசிமேட்டுப் பகுதி ஐஸ் ஆலைகளில் ஓடுவது அமோனியா. அது தாமிரத்தை அரிக்கும் என்பதால் குழாய்கள் எல்லாம் இரும்பு. நச்சு வாயு என்பதால் முகக்கவசமும் தப்பும் வழியும் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்த இரவை அப்பகுதி மக்களிடம் கேட்டால் அதன் வீரியம் புரியும். இக்கிளைக்கு அனுபவமுள்ள பிளான்ட் ஆபரேட்டரிடம் நேரில் பழகுவதைத் தவிர வேறு நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

தயாரிப்புப் பக்கம் போக விரும்புபவர்கள் கும்மிடிப்பூண்டியைத் தாண்டித் தடா அருகே உள்ள ஸ்ரீசிட்டியைப் பார்க்கலாம். டைக்கின், புளூ ஸ்டார், லாயிட் ஆகிய மூன்றும் 2023இல் அங்கே ஏசி ஆலைகளைத் தொடங்கின. சோதனைப் பிரிவில் ஓராண்டு வேலை செய்தவருக்கு வாயு எடை, வேக்கம் பற்றிய பிடிவாதம் இயல்பாகவே வந்துவிடுகிறது. திரும்பி வந்து சர்வீஸ் செய்தாலும் அது கூடவே வரும்.

ஆண்டுக் கால அட்டவணை

பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை நமக்குச் சாப்பிட நேரமிருக்காது. அப்போது படிப்பு நடக்காது. நோட்டில் குறிப்பு மட்டும் சேரும். அக்டோபர் முதல் ஜனவரி வரை அழைப்புகள் குறையும்போதுதான் கற்க வேண்டும். அந்த மாதங்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். அக்டோபரில் சீசன் குறிப்புகளை எடுத்து, இரண்டாம் முறை போக நேர்ந்த வேலைகளை மட்டும் தனியாக எழுதுங்கள். எதைக் கற்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கும். நவம்பரில் மழை பெய்யும் நாட்களில் பழைய பி.சி.பி.க்களையும் எரிந்த கம்ப்ரஸரையும் அறுத்துப் பார்த்து, மீட்டர் பிடித்துப் பழகுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் நிறுவனங்களும் டீலர்களும் புதிய மாடல்களுக்கான பயிற்சி வைப்பது வழக்கம். நீங்கள் வேலை எடுக்கும் டீலரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அழைப்பார். குளிர்பதனப் பொறியாளர்களின் சங்கமான இஷ்ரேவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது; அதன் கருத்தரங்குகளில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும், பெரிய கட்டடங்களின் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒருமுறை போய்வரலாம்.

நிறுவனப் பயிற்சிக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். விற்பனைப் படங்களைக் காட்டியே பாதி நாளைக் கழித்துவிடுவார்கள். கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். சர்வீஸ் கையேட்டை எங்கே பதிவிறக்கலாம், பி.சி.பி.யைச் சோதிக்க எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், விரிவு வால்வின் காயில் எத்தனை ஓம், உதிரி பாகம் கிடைக்க எத்தனை நாள், உத்தரவாதத்தை எந்தெந்தச் செயல் ரத்துசெய்யும் என்று கேளுங்கள். பயிற்சியாளரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்வதும் பாடத்தில் சேரும். மே மாதத்தில் மாடியில் நின்றுகொண்டு ஒரு கோடு புரியாமல் விழிக்கும்போது அந்த எண் உதவும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒருநாளைக் கருவிகளுக்காக ஒதுக்குங்கள். வேக்கம் பம்ப்பின் எண்ணெயை மாற்றி, மைக்ரான் கேஜை நேராகப் பம்ப்பில் மாட்டி அது எவ்வளவு ஆழம் இழுக்கிறது என்று பாருங்கள். கேஜ் ஹோஸின் ரப்பர் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். தராசின் மேல் எடை தெரிந்த பொருள் ஒன்றை வையுங்கள். சீல் உடையாத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலமே போதும். பத்து இருபது கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் சீசன் தொடங்கும் முன் தராசை மாற்றிவிடுங்கள்.